50 சதவீதம் தாண்டியாச்சு, நிலக்கரி ஏன் இன்னும் குறையவில்லை?

ஆடிக்காற்று

இரண்டு செய்தி. இரண்டும் உண்மைதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கணக்கு உதைக்கிறது.

2025 ஜூன் முடிவில் நாட்டின் மொத்த மின் நிறுவுதிறன் (எல்லா மின் நிலையமும் முழு அளவில் ஓடினால் தரக்கூடியது) 484.8 ஜிகாவாட். அதில் 242.8 ஜிகாவாட் நிலக்கரி, எரிவாயு, டீசல் சேராதது. அதாவது பாதியை ஒரு முடியளவு தாண்டிவிட்டது. பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் 2030க்குள் செய்கிறோம் என்று எழுதிக் கொடுத்ததை ஐந்து வருடம் முன்பே முடித்துவிட்டோம் என்று ஜூலையில் அறிவித்தார்கள். சரி, சந்தோஷம். ஆனால் 2024-25 நிதியாண்டில்தான் நிலக்கரி உற்பத்தி முதல் முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது, அதையும் சாதனை என்றுதான் கொண்டாடினார்கள்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவன். ஆடி மாதம் கணவாய் வழியாக வருகிற காற்றில் மேலே நாசெல் (கோபுர உச்சியில் இருக்கும் இயந்திரப் பெட்டி) மூடியைத் திறந்தால் கையில் பிடித்திருக்கும் ஸ்பேனர் கூட ஆடும். அந்த மாதிரி நாளில் பார்த்து, சில நேரம் "மெஷினை நிறுத்து" என்று போன் வரும். எரிபொருள் செலவே இல்லாத மின்சாரத்தை நிறுத்திவிட்டு எங்கேயோ ஒரு பாய்லரில் நிலக்கரி எரிந்துகொண்டிருக்கிறது. பாதிக்குப் பாதி ஆகிவிட்டது என்றால் இது ஏன் நடக்கிறது? கட்சிச் சண்டை வேண்டாம், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார்

தம்பி, தொழுவத்தில் கட்டியிருக்கிற மாட்டின் எண்ணிக்கை வேறு, கறந்த பால் வேறு. நிறுவுதிறன் என்பது மாட்டை எண்ணுவது.

ஒரு மெகாவாட் சோலார் வருடத்துக்கு சுமார் 16, 17 லட்சம் யூனிட் தரும். உங்கள் ஊர்க் காற்றாலை நல்ல இடத்தில் இருந்தால் 22 லட்சம் என்று வைத்துக்கொள்ளலாம். அதே ஒரு மெகாவாட் நிலக்கரி, 70 சதவீதம் ஓடினால் 61 லட்சம் யூனிட். ஆக, நிறுவுதிறனில் பாதிக்குப் பாதி இருந்தாலும் வீட்டுக்கு வருகிற யூனிட்டில் 70 சதவீதத்துக்கு மேல் இன்னும் நிலக்கரிதான். இதில் பொய் எதுவும் இல்லை. இலக்கே நிறுவுதிறனில்தான் எழுதப்பட்டிருந்தது, அதை அடைந்தார்கள். நிலக்கரியைக் குறைக்கிறோம் என்று அந்தக் காகிதத்தில் எங்கேயும் எழுதிக் கொடுக்கவில்லை.

செங்காந்தள்

வாத்தியார் சொல்வதோடு ஒன்றைச் சேர்க்கிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பிரதமர் ஐந்து வாக்குறுதி சொன்னார், பஞ்சாமிர்தம் என்று பெயர் வைத்தார்கள். 2030க்குள் 500 ஜிகாவாட் புதைபடிவம் அல்லாத திறன், எரிசக்தித் தேவையில் 50 சதவீதம் புதுப்பிக்கத்தக்க வழியில், 2030 வரை ஆக வேண்டிய உமிழ்வில் 100 கோடி டன் குறைப்பு, பொருளாதார உமிழ்வுச் செறிவில் (ஒரு ரூபாய் உற்பத்திக்கு வருகிற புகை) 45 சதவீதக் குறைப்பு, 2070ல் நிகர பூஜ்யம்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் ஐநாவிடம் கொடுத்த காகிதத்தில் பாருங்கள். 500 ஜிகாவாட் இல்லை. 100 கோடி டன் இல்லை. "எரிசக்தித் தேவையில் 50 சதவீதம்" என்பது "மின் நிறுவுதிறனில் 50 சதவீதம்" ஆகிவிட்டது. அதுவும் தொழில்நுட்பமும் குறைந்த வட்டிக் கடனும் வெளியிலிருந்து கிடைத்தால் என்ற நிபந்தனையோடு. எரிசக்தி என்றால் லாரி டீசல், சிமெண்ட் சூளை, சமையல் எரிவாயு எல்லாம் சேரும். நிறுவுதிறன் என்றால் மின் நிலையங்கள் மட்டும். மேடையில் ஆறு முழம், காகிதத்தில் மூன்று முழம்.

ஊர்க்குருவி

வந்துவிட்டார்கள் குறை சொல்ல. ஒரு இந்தியன் வருடத்துக்கு விடுகிற கரியமில வாயு சுமார் 2 டன். உலக சராசரி நாலரைக்கு மேல். அமெரிக்கன் சுமார் 14 டன். இருநூறு வருடம் எரித்துப் பணக்காரன் ஆனவன் 2025 ஜனவரியில் ஒப்பந்தத்தை விட்டே வெளியேறுகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டான். நாம் சொன்னதைச் செய்கிறோம், முன்கூட்டியே செய்கிறோம். அதிலும் ஓட்டை தேடினால் எப்படி?

செங்காந்தள்

அண்ணா, தலைக்கு 2 டன் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2024 பாகு பருவநிலை மாநாட்டில், ஏழை நாடுகளுக்கு உதவியாக 2035க்குள் வருடம் 300 பில்லியன் டாலர் என்று முடித்ததை இந்தியா அங்கேயே எதிர்த்தது, நியாயமான எதிர்ப்பு. 2009ல் பணக்கார நாடுகள் சொன்ன 100 பில்லியனே 2020க்கு வர வேண்டியது, 2022ல்தான் வந்து சேர்ந்தது. இந்த வழக்கில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் அந்த 2 டன் சராசரிக்குள் ஏசி ஓடுகிற வீடும் இருக்கிறது, விறகு ஊதுகிற வீடும் இருக்கிறது. வெளியில் அமெரிக்காவிடம் கேட்கிற கேள்வியை உள்ளே கேட்டால் மட்டும் ஏன் கோபம் வருகிறது?

கணக்கு வாத்தியார்

சண்டை வேண்டாம் என்று தம்பி முதலிலேயே சொல்லிவிட்டார். இன்னொரு இலக்கையும் பார்த்துவிடலாம், அதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

"உமிழ்வுச் செறிவு 2005ஐ விட 45 சதவீதம் குறையும்" என்கிறார்கள். உமிழ்வு குறையும் என்று அர்த்தம் இல்லை. 2005ல் நாடு 100 ரூபாய்க்குச் சரக்கு செய்தது, 100 கிலோ புகை விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 சதவீதம் குறைந்தால் 100 ரூபாய்ச் சரக்குக்கு 55 கிலோ. ஆனால் அதற்குள் சரக்கு 400 ரூபாய்க்கு வளர்ந்துவிட்டது என்றால் மொத்தப் புகை 220 கிலோ. இலக்கை அடைந்தாயிற்று, புகை இரண்டு மடங்குக்கு மேல். வளர வேண்டிய நாட்டுக்கு இப்படித்தான் இலக்கு வைக்க முடியும் என்பது என் கருத்து. ஆனால் வானத்துக்கு விகிதம் தெரியாது, கிலோதான் தெரியும்.

நாம் எங்கே இருக்கிறோம் என்றால், 2024 டிசம்பரில் ஐநாவிடம் கொடுத்த அறிக்கைப்படி 2005க்கும் 2020க்கும் நடுவில் செறிவு 36 சதவீதம் குறைந்திருக்கிறது. 2015ல் முதலில் வைத்த இலக்கு 33 முதல் 35 வரை, அதைத் தாண்டியாயிற்று. 45ஐயும் தாண்டுவோம், பெரிய சிரமம் இருக்காது. கவனியுங்கள், 2024 முடிவில் வந்த அறிக்கையில் கடைசி வருடம் 2020. கொரோனா வருடம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் உமிழ்வு 7.93 சதவீதம் விழுந்தது. விழுந்த பிறகும் 295.9 கோடி டன், காடும் மரமும் உறிஞ்சியதைக் கழித்தால் 243.7 கோடி டன். அதற்குப் பிறகு பஸ், ரயில், பாக்டரி எல்லாம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஏற்றுமதிக்காரன்

நாலு வருடம் பழைய கணக்கா? நான் ஜிஎஸ்டி நாலு நாள் தாமதமாகக் கட்டினால் அபராதம்.

லோட் டெஸ்பாட்ச்

நான் ஓய்வு பெற்றவன், மின்சாரக் கட்டுப்பாட்டு அறையில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவன். இழை தொடங்கிய தம்பியின் போன் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் சூரியனையும் நிறுத்தக் கூடாது, மஸ்ட் ரன் என்று விதியே இருக்கிறது. கிரிட்டுக்கு, அதாவது மின் வலையமைப்புக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அந்த விலக்குக்குள்தான் உங்கள் போன் வருகிறது. ஏன் ஆபத்து? ஒரு நிலக்கரி மின் நிலையத்தை ஸ்விட்ச் போட்டு அணைக்க முடியாது. பாய்லர் குளிர்ந்தால் மறுபடி ஏற்ற பல மணி நேரம், எண்ணெய் வேறு ஊற்ற வேண்டும். அதனால் மதியம் தேவையில்லை என்றாலும் திறனில் 55 சதவீதம் வரை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் நெருப்பு ஒழுங்காக நிற்காது, குழாய்கள் களைத்துப் போகும். 40 சதவீதம் வரை இறக்கப் பழக்க வேண்டும் என்று விதி போட்டிருக்கிறார்கள், படிப்படியாக. ஏன் முழுக்க அணைக்கக் கூடாது என்றால், சாயங்காலம் ஏழு மணிக்கு அது வேண்டும். சூரியன் இறங்கிவிடும், வீட்டுக்கு வீடு விளக்கு, ஏசி, மிக்சி. 2024 மே 30ந்தேதி நாட்டின் உச்சத் தேவை 250 ஜிகாவாட் தொட்டது, அது வெயில் நேரத்தில், சோலார் தாங்கியது. எனக்குப் பயம் அந்த மதியத்தைப் பற்றி இல்லை. அன்று இரவைப் பற்றித்தான்.

ஆக நிலக்கரி குறையாததற்குக் காரணம் சோலார் போதவில்லை என்பது மட்டுமில்லை, மதியம் வந்ததை ராத்திரிக்கு எடுத்து வைக்க இடம் இல்லை.

எடுத்து வைப்பது ஒன்றும் புதுசு இல்லை. ஆனைமலையில் காடம்பாறை இருக்கிறது, மலைக்குள் குடைந்த பவர் ஹவுஸ், நாலு மெஷின், ஒவ்வொன்றும் 100 மெகாவாட். 1980களின் கடைசியில் வந்தது. என் காலத்தில் ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் லோடு இறங்கினதும் அங்கே போன் போட்டு பம்ப் மோடுக்கு மாற்றச் சொல்வோம். மேல் ஆழியாறு தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றிவிட்டு, மறுநாள் சாயங்காலம் இறக்கி மின்சாரம் எடுப்போம். அதே மெஷின், அதே தண்ணீர். இன்றைக்கு அதைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். மதியம் பன்னிரண்டுக்கு ஏற்று, ராத்திரி ஏழுக்கு இறக்கு. நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இதே மாதிரி ஒன்று கட்டுகிறார்கள். 2025 பிப்ரவரியில் மத்திய மின்சார ஆணையம், இனி சோலார் டெண்டர் விட்டால் கூடவே இரண்டு மணி நேரத்துக்கு பேட்டரியும் வை, திறனில் குறைந்தது 10 சதவீதம் என்று சொல்லிவிட்டது. பத்து வருடம் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது. அப்போது பேட்டரி விலை கட்டுப்படி ஆகாது, அதையும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் லைன். சத்தீஸ்கரில் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரைக்கும் 800 கேவி நேர்மின் லைன் ஒன்று இழுத்தார்கள், 6000 மெகாவாட் தாங்கும். அங்கிருந்து நிலக்கரி மின்சாரம் வரவும், தெற்கில் காற்று பொங்குகிற மாதங்களில் இங்கிருந்து அங்கே அனுப்பவும், இரண்டு பக்கமும் ஓடுகிற மாதிரி. பெரிய தெரு போட்டாச்சு. காற்றாலையிலிருந்து அந்தத் தெருவுக்கு வருகிற சந்துதான் நெரிசல். ராஜஸ்தானிலும் இதே கதை, சோலார் பார்க் கட்டுகிற வேகத்தில் லைன் கட்ட முடியவில்லை.

ஆடிக்காற்று

சார், இவ்வளவு நாளில் யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. நிறுத்து என்பார்கள், நிறுத்துவோம்.

இன்னொன்று. எங்கள் கணவாயில் நல்ல காற்று வருகிற இடத்தையெல்லாம் 90களில் போட்ட 225, 250 கிலோவாட் மெஷின்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. குட்டைக் கோபுரம். இப்போது வருகிற ஒரு மெஷின் 3 மெகாவாட், அதாவது பழசு பன்னிரண்டுக்குச் சமம். பழசைக் கழற்றிப் புதுசு போட 2024ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆனால் ஒரு மெஷின் ஒருவருக்கு, பக்கத்து மெஷின் இன்னொருவருக்கு, பெரிய இறக்கை சுற்ற நாலு பேர் நிலம் வேண்டும். நாலு பேரும் ஒத்துப்போவதற்குள் ஆடி போய் ஐப்பசி வந்துவிடும்.

ஊர்க்குருவி

லோட் டெஸ்பாட்ச் சார் பதிவு அருமை. நானும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில், 78,000 ரூபாய் மானியம். பேனல் மாட்ட ஒரே நாள். இருவழி மீட்டர் வர மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் என் மாடியில் வெயில் வீணாகக் காய்ந்தது, நான் போய் நின்ற ஜன்னலில் "ஸ்டாக் இல்லை" என்ற ஒரே பதில். மீட்டர் வந்த பிறகுதான் மானியமும் வந்தது. திட்டத்தில் குறை இல்லை, கடைசி முடிச்சில்தான் சிக்கல்.

செங்காந்தள்

அந்தக் கடைசி முடிச்சுதான் 2022 இலக்கைக் கவிழ்த்தது அண்ணா. 175 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்கது, அதில் 40 வீட்டு மாடி, தொழிற்சாலைக் கூரையில் என்றார்கள். 2022 டிசம்பரில் மொத்தம் 120 பக்கம்தான், கூரையில் 8 கூட முழுசாக இல்லை. அன்றைக்கு ஒரு அறிவிப்பும் வரவில்லை. ஜெயித்த இலக்குக்கு விழா, தோற்ற இலக்குக்கு அமைதி. பிரிட்டனில் 2008லேயே சட்டம் போட்டு, ஐந்தைந்து வருடத்துக்குக் கார்பன் பட்ஜெட் (இவ்வளவுதான் புகை விடலாம் என்ற வரம்பு) வைத்து, தனிக் குழு ஒன்று ஒவ்வொரு வருடமும் பாராளுமன்றத்தில் "நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள்" என்று முகத்துக்கு நேரே அறிக்கை வைக்கிறது. 2024 செப்டம்பர் 30ந்தேதி அவர்களுடைய கடைசி நிலக்கரி மின் நிலையமும் மூடிவிட்டது. நமக்கு 2008ல் எட்டு இயக்கங்களோடு பருவநிலை மாற்றத்துக்கான தேசிய செயல்திட்டம் வந்தது. சட்டம் இல்லை. 2024ல் கானமயில் என்ற பறவையைக் காக்கும் வழக்கில் உச்ச நீதிமன்றம், பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழ்வது அரசியல் சாசன உரிமை என்றது. உரிமை வந்துவிட்டது, இலக்கு தவறினால் யாரைக் கேட்பது என்பதற்குத்தான் விலாசம் இல்லை.

லோட் டெஸ்பாட்ச்

பிரிட்டன் உதாரணம் பாதிதான் பொருந்தும் அம்மா. அவர்களுக்கு வட கடல் எரிவாயு இருந்தது, மின் தேவை வருடா வருடம் ஏறவில்லை. நமக்கு இரண்டும் இல்லை. 2031-32க்குள் இன்னும் 80 ஜிகாவாட் நிலக்கரி வேண்டும் என்று மின் அமைச்சகம் சொன்னது, நான் இன்னும் அந்த நாற்காலியில் இருந்தால் நானும் கேட்டிருப்பேன், ராத்திரி கரண்ட் போனால் திட்டு வாங்குபவன் நான்தானே. வருடாந்திர அறிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி.

பனங்காடு

ஐநாவிடம் கொடுத்த காகிதத்தின் மூன்றாவது இலக்கை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். 2030க்குள் காடு, மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் உறிஞ்சுவோம் என்றது. 2023 வன அறிக்கைப்படி 2005லிருந்து 229 கோடி டன் ஆகிவிட்டது. இதுவும் ஜெயிக்கப் போகிற இலக்குதான். ஆனால் அந்தக் கணக்கில் காடு என்றால் என்ன தெரியுமா? ஒரு ஹெக்டேருக்கு மேல், 10 சதவீதத்துக்கு மேல் மர நிழல். யார் நிலம், என்ன மரம் என்ற கேள்வி கிடையாது. தென்னந்தோப்பும் காடு, தைலமரத் தோப்பும் காடு. சோலைக்காடு வெட்டுப்பட்டு இன்னொரு இடத்தில் தைலமரம் நட்டால் கணக்கில் ஒன்றும் குறையாது. தோப்பில் யானை வந்தால் மட்டும் அது காடு இல்லை என்பார்கள்.

ஏற்றுமதிக்காரன்

நான் போல்ட், நட்டு செய்பவன், பாதிச் சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. உங்கள் விவாதம் எனக்கு 2023 அக்டோபரில் ஒரு எக்செல் படிவமாக வந்தது. ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி, இறக்குமதிச் சரக்கு செய்யும்போது விட்ட புகைக்கு. அறிக்கை மட்டும் கொடு, வரி 2026 ஜனவரியிலிருந்து என்றார்கள். ஒரு டன் போல்ட்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு, கம்பி எந்த மில், அந்த மில் ஊது உலையா மின் உலையா என்று பத்தி பத்தியாக. கம்பி விற்றவரிடம் கேட்டால் "சார், இதெல்லாம் எதுக்கு" என்கிறார். நம் அரசு பசுமை எஃகு என்றால் ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் கீழே என்று 2024 டிசம்பரில் வரையறை போட்டது, கார்பன் வர்த்தகத் திட்டம் 2023ல் அறிவித்தது. எல்லாம் சரி. என் கம்பியின் எண் மட்டும் இன்னும் எனக்குத் தெரியாது.

அந்தப் படிவத்தில் மின்சாரத்துக்கும் ஒரு பத்தி உண்டு. அதற்குத்தான் இந்த இழைக்கே வந்தேன். நான் வாங்குகிற ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு புகை என்று போடுவது? நாடு பாதி பசுமை ஆகிவிட்டது என்றால் அந்த எண் பாதியாகியிருக்க வேண்டுமே?

கணக்கு வாத்தியார்

இதுதான் சரியான கேள்வி. மத்திய மின்சார ஆணையம் வருடா வருடம் அந்த எண்ணைப் போடுகிறது. 2013-14ல் ஒரு யூனிட்டுக்கு 820 கிராம். இப்போது 700க்குக் கொஞ்சம் மேல். பத்து வருடத்தில் ஏழில் ஒரு பங்குகூடச் சரியாகக் குறையவில்லை, அதுவும் கடைசி சில வருடம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. தம்பி முதல் பதிவில் கேட்டதற்கும் இந்த ஒரு எண்ணே பதில். 50 சதவீதம் என்ற பேனர் 60 ஆகும், 65 ஆகும். அதைப் பார்க்காதீர்கள், இந்த கிராம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஊர்க்குருவி

கிராம் குறைந்திருக்கிறது இல்லையா, ஏறவில்லையே. யூனிட் எவ்வளவு கூடியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் பத்து வருடம் முன்னால் ஒரு ஏசி, இப்போது வீட்டுக்கு ஒன்று.

கணக்கு வாத்தியார்

ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக்கு வீடு ஏசி வந்தும் கிராம் ஏறாமல் இருப்பதே சோலாராலும் காற்றாலும்தான். அவை இல்லையென்றால் நிலக்கரி 100 கோடி டன் என்பது எப்போதோ 130, 140 ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன், இது என் ஊகம்தான்.

ஏற்றுமதிக்காரன்

சரி, 700 சொச்சம் என்று போட்டு அனுப்பிவிடுகிறேன். ஜெர்மனிக்காரன் திருப்பிக் கேட்டால் வாத்தியார் நம்பரைத்தான் கொடுப்பேன்.

ஆடிக்காற்று

எல்லாருக்கும் நன்றி. இனி நிறுத்து என்று போன் வந்தால் மணி பார்த்துக் குறித்துக்கொள்ளப் போகிறேன், மதியமா சாயங்காலமா என்று. லோட் டெஸ்பாட்ச் சார், ஒரு சீசன் முழுக்க எழுதி வைத்தால் உங்களுக்கு அனுப்பலாமா?

லோட் டெஸ்பாட்ச்

அனுப்புங்கள் தம்பி. கிரிட்டின் அலைவெண்ணையும் கூடவே எழுதுங்கள், 50.05 ஹெர்ட்ஸுக்கு மேலே போயிருந்தால் மின்சாரம் மிஞ்சியது காரணம், கீழே இருந்தும் நிறுத்தச் சொல்லியிருந்தால் அது லைன் காரணம்.